‘வேலை செய்கிறதா?’ என்று கேட்பவர்களுக்கு

பெரு நாட்டு அரசு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு மடிக்கணினிகளை வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. நிக்கலஸ் நெக்ரோபான்டி 2005இல் அறிவித்த ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் இவ்வளவு பெரிய கொள்முதலை வேறு எந்த நாடும் செய்யவில்லை. 2012இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். திட்டம் எட்டாத பள்ளிகளில் ஒரு மாணவருக்கு 0.12 கணினி. எட்டிய பள்ளிகளில் 1.18. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மட்டும் மதிப்பெண் அசையவே இல்லை.

இந்த முடிவு வந்ததும் இரண்டு தரப்பும் தத்தம் பழைய பல்லவியை இன்னும் உரக்கப் பாடின. கருவியை நம்பியவர்கள், பயிற்சி போதவில்லை, இணையம் இல்லை, அடுத்த மாதிரி வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். நம்பாதவர்கள் ‘அப்போதே சொன்னோமே’ என்றார்கள். வெளியே பார்த்தால் எதிரெதிர் அணிகள்தான். ஆனால் இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பொருள் வேலை செய்கிறதா, இல்லையா?

கல்வித் துறையில் இன்று கேள்விக்கு அப்பாற்பட்டதாக நிற்கும் கருத்து இதுதான். மென்பொருளாகட்டும், கற்பித்தல் முறையாகட்டும், ஒரு மருந்தைப் போலச் சோதித்துப் பார்க்க வேண்டும். தேறினால் அச்சுப் பிசகாமல் எல்லாப் பள்ளிக்கும் அனுப்ப வேண்டும். தேறாவிட்டால் கைவிட வேண்டும். கேட்பதற்கு நியாயமாகவும் அறிவியலாகவும் சிக்கனமாகவும் இருக்கிறது. வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பவர் வேறு எப்படிப் பேசுவார்? இருந்தும் இந்தக் கருத்து தவறு. வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய அதன் அடிப்படை அனுமானமே பிசகியிருக்கிறது. அதைப் பொறுமையாகக் காட்டியவர்களில் ஒருவர் பெர்ட்ரம் புரூஸ். ‘சிப்’ புரூஸ் என்றால்தான் அமெரிக்கக் கல்வியாளர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

அவர் வந்த பாதையைப் பார்த்தால், கணினியைக் கண்டு மிரண்ட பழமைவாதி என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1970களின் நடுவில் கேம்பிரிட்ஜ் நகரத்து ‘போல்ட் பெரானெக் அண்ட் நியூமன்’ நிறுவனத்தில் சேர்ந்தார். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் முதல் இணைப்புக் கருவிகளைக் கட்டியதும், குழந்தைகளுக்கான லோகோ நிரல்மொழி 1967இல் பிறந்ததும் அங்கேதான். புரூஸின் வேலை, மனித மொழியை இயந்திரத்துக்குப் புரியவைப்பது. இன்று செயற்கை நுண்ணறிவு என்று ஊரெல்லாம் பேசும் அதே துறை.

இயந்திரத்துக்குக் கதை புரியவைக்கப் போனவர், மனிதர்களுக்கு அது எப்படிப் புரிகிறது என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டார். 1978இல் டெனிஸ் நியூமனோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை ஹான்சல்–கிரெட்டல் கதையை ஆராய்கிறது. பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடப் பெற்றோர் திட்டமிடுகிறார்கள். பிள்ளைகள் அதை ஒட்டுக்கேட்டுவிடுகிறார்கள். வழியில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டே பின்தங்கி நடக்கும் சிறுவனிடம் அப்பா காரணம் கேட்க, கூரைமேல் நிற்கும் தன் வெள்ளைப் பூனையைப் பார்ப்பதாக அவன் சொல்கிறான். இந்த ஒரு பதிலை விளங்கிக்கொள்ள எத்தனை அடுக்குகளைத் தாண்ட வேண்டும்! பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அவர்கள் அப்படி நினைப்பது பையனுக்குத் தெரியும். அந்த நினைப்பு கலையாமல் பார்த்துக்கொள்ளத்தான் பூனை வருகிறது. ஐந்து வயதுக் குழந்தை பாட்டி மடியில் இதைக் கேட்டுச் சிரிக்கிறது.

அந்தக் கதையின் சொற்களும் வாக்கியங்களும் சின்னவை. அக்காலத்து அமெரிக்கப் பாடநூல் பதிப்பாளர்கள் கைக்கொண்டிருந்த அளவுகோலின்படி அது எளிய நூல். ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் தந்த வாய்பாடும் அதன் உறவினர்களும் ஒரு பகுதியின் கடினத்தைச் சராசரி வாக்கிய நீளத்தையும் சொல்லின் அசைகளையும் வைத்துச் சொல்லிவிடும். எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் என்பதைத் தீர்மானிக்க அதுவே போதும் என்று கருதப்பட்டது. பாடம் கடினமாக இருந்தால் வாக்கியத்தை உடை, எண் இறங்கும்.

உடைத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழிலேயே பார்க்கலாம். ‘மேற்கே மழை கொட்டியதால் ஆறு பெருகியது’ என்பது சற்று நீண்ட வாக்கியம். ‘மேற்கே மழை கொட்டியது. ஆறு பெருகியது.’ என்பன குறுவாக்கியங்கள், ஆகவே எளியவை. எளிமையாக்கும் அவசரத்தில் காரணம் காணாமல் போனது. மழைக்கும் ஆற்றுக்கும் உள்ள தொடர்பைக் குழந்தையே ஊகிக்க வேண்டும். வாய்பாடு எளிது என்று முத்திரை குத்திய இடத்தில் குழந்தையின் சுமை கூடிவிட்டது. 1981இல் புரூஸ், ஆண்டி ரூபின், கேத்லீன் ஸ்டார் மூவரும் இந்த வாய்பாடுகள் ஏன் தோற்கின்றன என்று எழுதியபோது, மேலும் ஒரு சங்கடத்தையும் போட்டு உடைத்தார்கள். பல வாய்பாடுகள் தங்களைச் சரிபார்க்க எடுத்துக்கொண்டது 1925இல் வந்த மெக்கால்–கிராப்ஸ் வாசிப்புப் பயிற்சிகளை. அளவுகோலுக்கே அளவுகோலாக இருப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல அவை.

ஒரு நூலின் கடினம் நூலுக்குள் மட்டும் இருப்பதில்லை. யார் படிக்கிறார், எதற்காகப் படிக்கிறார், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதெல்லாம் சேர்ந்துதான் அதை ஆக்குகின்றன. வாசிப்பில் கண்ட இந்த உண்மையைப் புரூஸ் பிறகு கணினிக்கும் நீட்டினார். அவர் வாழ்நாள் வேலை முழுவதும் இந்த ஒரே இழையில் கோத்ததுதான்.

1980களின் தொடக்கத்தில் அவரும் ஆண்டி ரூபினும் சகாக்களும் ‘குவில்’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். ஆப்பிள் கணினியில் ஓடும் எழுத்துப் பயிற்சித் தொகுப்பு. எழுதுமுன் யோசனைகளைக் குறித்துக்கொள்ள ஒரு பகுதி, எழுதியதை வகுப்பு முழுதும் தேடிப் படிக்க ‘நூலகம்’, ஒருவருக்கொருவர் கடிதம் போட ‘அஞ்சல் பை’, எழுதித் திருத்த ஓர் உரைத்தொகுப்பி. மின்னஞ்சல் என்ற சொல்லையே பெரும்பாலோர் கேட்டிராத காலம் அது. தானாக எழுதப் பழக வேண்டுமானால் எழுதியதைப் படிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் உருவாக்கியவர்களின் கருத்து. கனெக்டிகட்டின் நகரப் பள்ளிகளிலிருந்து, சிறு விமானத்தில் மட்டுமே போய்ச்சேர முடிந்த அலாஸ்காவின் ஊர்கள்வரை அது போனது.

திருத்துவதற்குப் பொத்தான்கள் இருந்ததால் பிள்ளைகள் திருத்துவார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஓர் ஆறாம் வகுப்பில் நடந்தது வேறு. அங்கே பிள்ளைகள் பலர், கணினி சொற்பம். பள்ளியில் நடந்த கலைநிகழ்ச்சிக்கு விமர்சனம் எழுதித் தட்டச்சு செய்ய வந்தவர்கள் கணினியைச் சுற்றிக் காத்து நின்றார்கள். சும்மா நிற்கும் பிள்ளை என்ன செய்யும்? திரையை எட்டிப் பார்க்கும். முன்னால் இருப்பவர் எழுதியதைப் படிக்கும், கருத்துச் சொல்லும், சிரிக்கும். பிறகு தன் தாளைப் பார்க்கும். அடடா, நாம் எழுதியது சரியில்லையே என்று தோன்றும். திருத்தம் அந்த வரிசையில் நிகழ்ந்தது. புரூஸும் சாரா மைக்கேல்ஸும் கேரன் வாட்சன்-கெகியோவும் 1985இல் இதைப் பதிவு செய்தார்கள்.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது? மென்பொருள் வேலை செய்ததா? செய்தது என்றால் எந்தப் பகுதி? காத்திருந்த நேரத்துக்கு எந்தப் பொத்தானும் கிடையாது. ஆனால் கணினி இல்லாமல் வரிசையும் இல்லை. எழுத்து நோட்டுக்குள் ஒளிந்திராமல் திரையில் எல்லோர் கண்ணிலும் பட்டது கருவியின் தன்மை. சுற்றி நின்று பேசக்கூடாது என்று அந்த வகுப்பில் யாரும் தடுக்காதது ஆசிரியரின் தன்மை. ஒன்றை எடுத்தால் மற்றது இல்லை. கட்டுப்பாடான இன்னொரு வகுப்பில், முறை வரும்வரை அவரவர் இடத்திலேயே உட்கார வேண்டும் என்ற விதி இருந்தால், அதே மென்பொருள் வெறும் தட்டச்சுப் பொறியாகியிருக்கும். பெருவின் 1.18ஐ இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு ஒன்றுக்கும் மேல் என்றால் வரிசையும் இல்லை, எட்டிப் பார்த்தலும் இல்லை. பற்றாக்குறை நல்லது என்று யாரும் வாதிடவில்லை. எண்ணிக்கை கூடும்போது எது குறைகிறது என்று பார்க்கும் கண் அந்தத் திட்டங்களுக்கு இருந்ததில்லை, அவ்வளவுதான்.

புரூஸும் ரூபினும் 1993இல் குவில் பற்றி எழுதிய நூலின் முதன்மையான வாதம் இதிலிருந்து வருகிறது. உருவாக்கியவர்களின் மனத்தில் இருப்பது ஒரு கனவு. வகுப்பறைக்குள் போனதும் ஆசிரியரும் மாணவரும் அதைத் தங்கள் பழக்கம், நேரம், நம்பிக்கை ஆகியவற்றைக்கொண்டு மறுபடி படைக்கிறார்கள். நூறு வகுப்பில் நூறு குவில். ஆகவே கனவின்படி நடந்ததா என்று ஒரு பட்டியலை வைத்துச் சரிபார்ப்பதும், நூறையும் கூட்டி வகுத்து ஒரு சராசரி காண்பதும், நடந்தவற்றில் எதையுமே பார்க்காத வழிகள். எங்கே, யார் கையில், என்னவாக மாறியது என்று பார்ப்பதே மதிப்பீடு.

இதற்கு முதல் எதிர்ப்பு ரிச்சர்டு கிளார்க்கிடமிருந்து வரும். கற்பித்தலைச் சுமந்துவரும் ஊடகம் மாணவரின் தேர்ச்சியை மாற்றாது, மளிகைச் சாமான் கொண்டுவரும் வண்டி நம் உடம்பை மாற்றாததுபோல என்று 1983இல் வாதிட்டவர் அவர். முறைதான் முக்கியம், கருவி வெறும் வண்டி என்பது அவர் கட்சி. கருவி விற்பவர்களின் கூச்சலுக்கு அன்று அது தேவையான மட்டுப்படுத்தல், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறாம் வகுப்பில் வண்டி எது, சாமான் எது என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. அங்கே மாணவர்களுக்குக் கிடைத்த பாடத்தை யாரும் வண்டியில் ஏற்றி அனுப்பவில்லை.

அதே கிளார்க் 2006இல் பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர் ஆகியோரோடு இன்னொரு கட்டுரையில் வருகிறார். குறைந்த வழிகாட்டலுடன் கற்பிப்பது ஏன் பயன்தராது என்பது அதன் பொருள். புரூஸ் ஆதரித்த தேடிக் கற்கும் முறைக்கு எதிராகப் பேசுபவர்கள் இன்றுவரை கையில் எடுக்கும் முதல் ஆயுதம் அதுதான். புதியவரின் நினைவாற்றலுக்கு எல்லை உண்டு, எதையும் சொல்லித்தராமல் தேடு என்று விட்டால் தடுமாறுவார் என்று அது சொல்கிறது. இதில் பிழையில்லை. பிழை, தேடிக் கற்றல் என்றாலே கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது என்று எடுத்துக்கொண்டதில். அடுத்த ஆண்டே சிண்டி மெலோ-சில்வரும் மற்ற இருவரும் பதில் எழுதினார்கள். நல்ல தேடல் வகுப்பில் ஆசிரியரின் தாங்கல் அடிக்கு அடி இருக்கிறது என்பது அவர்கள் பதில். 2011இல் லூயிஸ் ஆல்ஃபியெரி குழுவினர் 164 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உதவியில்லாத கண்டுபிடிப்பு நேரடிக் கற்பித்தலிடம் தோற்றது. உதவியோடு கூடிய கண்டுபிடிப்பு மற்ற முறைகளை முந்தியது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் நிறைய.

2015ஆம் ஆண்டின் பீசா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வையும் இழுத்துவருவார்கள். தேடல் சார்ந்த செயல்கள் அறிவியல் வகுப்பில் அடிக்கடி நடப்பதாகச் சொன்ன மாணவர்களின் மதிப்பெண் பெரும்பாலான நாடுகளில் குறைவு என்பது உண்மை. அந்த வினாத்தாளில் கேட்டது எத்தனை முறை ஆய்வகத்துக்குப் போனீர்கள், எத்தனை முறை விவாதித்தீர்கள் போன்றவற்றை. போய் என்ன செய்தார்கள், எதைக் கண்டு திகைத்தார்கள், அப்போது ஆசிரியர் என்ன சொன்னார் என்பது அதில் இல்லை. ஆசிரியர் விளக்குவதுகூட அந்தத் தேடல் குறியீட்டில் ஓர் உருப்படியாகச் சேர்ந்திருக்கிறது! இப்படிப்பட்ட எண்ணிலிருந்து ஒரு கற்பித்தல் மரபுக்கே தீர்ப்பு எழுதுவது துணிச்சல்.

வழிகாட்டல் வேண்டாம் என்று அந்த மரபின் மூத்தவர் ஜான் டூயியும் சொன்னதில்லை. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு பிள்ளைகளை வெறுமனே அவிழ்த்துவிட்டவர்களை 1938இல் அவரே கடிந்துகொண்டார். புரூஸ் நடந்தது டூயியின் வழியில். கேள், ஆராய், படை, பேசு, திரும்பிப் பார் என்று அவர் வரைந்த சுழற்சி பல பயிற்சிப் பட்டறைகளில் சுவரொட்டியானது. சுவரொட்டியானதும் அது ஐந்து படி செய்முறையாகச் சுருங்கியதும் நடந்ததுதான். திங்கள் கேள், செவ்வாய் ஆராய் என்று போகும் வகுப்புகளைக் கண்டு எதிராளிகள் சிரித்தால் அதில் நியாயம் இருக்கிறது.

இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. ‘சூழலைப் பொறுத்தது’ என்று சொல்லிவிட்டால் எந்தத் தோல்வியும் தோல்வி ஆகாதே? கெட்டுப்போன எந்தத் திட்டத்துக்கும் ஊரைக் குறைசொல்லித் தப்பிக்கலாமே? தப்பிக்கலாம்தான், எழுதுபவர் நேர்மையற்றவராக இருந்தால். ஆனால் சராசரியும் அவரைத் தடுக்காது. பெருவில் வந்த பூஜ்யத்தை வைத்து இரண்டு தரப்பும் எப்படி விளையாடின என்று மேலேயே பார்த்தோம். நடந்தது நடந்தபடி எழுதப்பட்டால் தோல்வியும் துல்லியமாகத் தெரியும். இந்த வகுப்பில் அஞ்சல் பை திறக்கப்படவே இல்லை, ஏனென்றால் வாரத்துக்கு நாற்பது நிமிடம்தான் கணினி என்று எழுதினால், அடுத்து எதை மாற்றலாம் என்று ஒரு தலைமையாசிரியருக்குப் புரியும். ‘விளைவு காணப்படவில்லை’ என்ற வரியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பெருவின் ஆய்வு தேவையில்லை என்பதும் இங்கே வாதமல்ல. கோடிகளைக் கொட்டுமுன் அப்படியொரு கணக்கு வேண்டும். கணினியைக் கொண்டுவந்து கொடுப்பதே கல்வி என்ற நம்பிக்கையை அது உடைத்தது, நல்லது. அது பேசத் தொடங்கிய இடத்தோடு விசாரணை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் கோளாறு. இணைய வசதி ஏறக்குறைய எந்தப் பள்ளியிலும் இல்லை என்பதை அந்த ஆய்வே சொல்கிறது. பாடத்துக்கு வெளியே, பொதுவான சிந்தனைத் திறன் சோதனைகளில் சிறிது ஏற்றம் இருந்ததையும் சொல்கிறது. தலைப்புச் செய்திகளில் இவை எதுவும் ஏறவில்லை.

கடைசியாக ஒரு வாதம், நாகரிகமாக உடுத்திக்கொண்டு வரும். தேடிக் கற்பதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஏழைப் பிள்ளைகளுக்கு முதலில் அடிப்படையை ஊட்டுங்கள் என்பது. இதற்குப் பதிலாக ஒரு தெருவைக் காட்டலாம். சிகாகோவின் ஹம்போல்ட் பார்க் பகுதியில் டிவிஷன் தெருவின் ஒரு நீட்டத்தில் 59 அடி உயர எஃகுக் கொடிகள் இரண்டு நிற்கின்றன. புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் கொடி அது. 1990இல் இலினாய் பல்கலைக்கழகத்துக்குப் போன புரூஸ், பின்னாளில் நூலகவியல் பேராசிரியர் ஆன் பிஷப்போடும் மாணவர்களோடும் சேர்ந்து பல ஆண்டுகள் வேலை செய்த இடம் இந்தத் தெரு. அங்கே பெட்ரோ அல்பிசு காம்போஸ் உயர்நிலைப் பள்ளி 1972லிருந்து இயங்குகிறது. நகரத்துப் பள்ளிகளில் தங்கள் பிள்ளைகள் பாதியில் நின்றுபோவதைப் பார்த்த சமூகமே தொடங்கிய பள்ளி அது.

நீரிழிவு மலிந்த, நல்ல காய்கறி எளிதில் கிடைக்காத பகுதி அது. அங்கே உயிரியல் பாடம் பசுமைக்குடிலுக்குள் நுழைந்தது. ஊர் வரலாறும் நூலகமும் வாடகை ஏற்றத்தால் மக்கள் வெளியேற்றப்படுவதும் பாடமாயின. கணினி, வரைபடம், ஒளிப்படம் எல்லாம் இந்த வேலைகளுக்குக் கருவியாக வந்தன. டூயி சொன்ன விசாரித்தல், பேசுதல், கட்டுதல், வெளிப்படுத்தல் ஆகிய நான்கு உந்துதல்களை வைத்துப் புரூஸும் ஜேம்ஸ் லெவினும் 1997இல் கல்வித் தொழில்நுட்பத்தை வகைப்படுத்தியிருந்தார்கள். கருவியின் பெயரால் பிரிக்காமல் பிள்ளை அதைக்கொண்டு என்ன செய்கிறது என்று பிரித்தார்கள். அந்தத் தெருவில் இந்த வகைப்பாடு தாளிலிருந்து இறங்கி நடந்தது. ஏழைப் பிள்ளைக்கு அடிப்படை வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எழுத்தும் கணக்கும் தேவைப்படும் வேலை அவர்கள் கண்முன்னே இருந்தது. ‘முதலில் அடிப்படை, பிறகு சிந்தனை’ என்பவர்களின் ‘பிறகு’ பெரும்பாலும் வருவதே இல்லை. பயிற்சித்தாளிலேயே பள்ளிக்காலம் முடிந்துவிடுகிறது.

இப்போது உரையாடும் இயந்திரங்கள் வகுப்புக்குள் வந்துவிட்டன. அன்று ஹான்சலின் பூனைப் பொய்யை இயந்திரத்துக்கு எப்படிப் புரியவைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட துறை, இன்று கட்டுரையே எழுதித் தரும் பொருளை விற்கிறது. கூடவே பழைய கேள்வியும் திரும்பி வந்திருக்கிறது. இது மதிப்பெண்ணை உயர்த்துமா, சிந்தனையைக் கெடுக்குமா? சோதனைப் பள்ளிகள் தேர்வாகின்றன, எத்தனை பேர் எத்தனை நிமிடம் பயன்படுத்தினார்கள் என்று எண்ணுகிறார்கள், ஆண்டிறுதியில் ஒரு சராசரி வரும். முதல் வரைவை இயந்திரம் எழுதித் தந்த வகுப்பில் பிள்ளைகள் ஒருவர் எழுத்தை ஒருவர் படிப்பது கூடியதா, நின்றதா? தனக்குத் தெரியாததை ஆசிரியரிடம் கேட்ட பிள்ளை இப்போது யாரிடம் கேட்கிறது? எந்த ஆசிரியர் அதை மூடி வைத்தார், ஏன்? இவற்றைக் கேட்க ஒருவர் வகுப்பின் பின்வரிசையில் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். அவருக்குச் சம்பளம் தர எந்தக் கொள்முதல் ஒப்பந்தத்திலும் ஒரு வரி ஒதுக்கப்படுவதில்லை.